பெரியவர்களுக்கும் ஒரு பிக்மி நோட்டு

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்பாசமுத்திரம் பக்கம். ஊரில் இன்னும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க என் கவனம் கர்ப்பிணிகள் மேலும் குழந்தைகள் மேலும்தான். ஒரு பெண் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வந்து சொன்னால் அவள் பெயரில் ஒரு பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண், ஏறிவிடும். ரத்த அளவு, ஸ்கேன், தடுப்பூசி, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் அந்த எண்ணின் கீழே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணமும் அதை வைத்துத்தான். பிறப்பைப் பதியவே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அவள் தேதிக்கு வரவில்லையென்றால் செவிலியர் வீடு தேடிப் போயாக வேண்டும்.

அதே வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு அப்படி ஒரு எண் கிடையாது. சர்க்கரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம், இதயத்துக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி, மூட்டுக்குத் தனியார் டாக்டர், கண்ணுக்கு முகாம், உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸ், ஓய்வூதியத்துக்குத் தபால்காரர். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021க்கான மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இத்தனை பேருக்கும் அரசே இதையெல்லாம் ஒரே நூலில் கோக்கும் நாள் வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதுவரை கோக்கும் வேலை வீட்டில் இருப்பவர்களுடையது. கர்ப்பிணிக்கு நாங்கள் செய்ததை அப்படியே பெரியவருக்குச் செய்யலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு பொறுப்பாள், ஒரு நோட்டு, எப்போதும் அடுத்த தேதி ஒன்று.

யார் பொறுப்பாள்?

பெரும்பாலான வீடுகளில் இது பேசி முடிவாவதில்லை. மூத்தவன் சென்னையில், இளையவன் துபாயில், மகள் கோயம்புத்தூரில். கூட இருப்பது மருமகள். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை வரும். பணம் அனுப்புகிறவர் டாக்டரை மாற்றச் சொல்வார், மகள் யூடியூபில் பார்த்த கஷாயத்தைச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் எதிரே நிற்பதோ, நேற்று இரவுதான் வந்து சேர்ந்த, ஒன்றும் தெரியாத யாரோ ஒருவர்.

டாக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். தினமும் பக்கத்தில் இருப்பவர்தான் அதற்குச் சரியான ஆள், படிப்பு குறைவாக இருந்தாலும். "நேத்து ராத்திரி ஆறு தடவை எழுந்தாங்க, காலையில் இட்லியைத் தொடவே இல்லை" என்ற தகவல் அவரிடம்தான் இருக்கும், டாக்டருக்கு வேண்டியதும் அதுதான். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் தனித்தனி வேலை கொடுங்கள். ஒருவர் காகித வேலை, ஒருவர் பணம், ஒருவர் மாதம் இரண்டு நாள் வந்து தங்குவது. வந்து தங்குகிறவர் விருந்தாளியாக வரக்கூடாது. அந்த இரண்டு நாளும் மூத்திரப் பையைக் காலி செய்வதும் ராத்திரி எழுவதும் அவர் பாடு. மருமகள் அம்மா வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வரட்டும். பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் நோட்டு, தேதி எல்லாம் வீண்.

பெரியவரையும் கேளுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே, யார் தனக்காகப் பேச வேண்டும், எந்த அளவுக்கு வைத்தியம் வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

நோட்டில் என்ன எழுதுவது

நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. ஃபைலில் செருகிய தாள்கள் உதிர்ந்துவிடும், நோட்டு உதிராது. முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன நோய் எந்த வருடத்திலிருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்திருந்தால் தேதியோடு. இரண்டாம் பக்கத்தில் அவர் நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பதை எழுதுங்கள். தானாக நடப்பாரா, கம்பு வேண்டுமா, தானே குளிப்பாரா, பேரப் பிள்ளைகள் பெயர் சொல்வாரா, காது எந்தப் பக்கம் கேட்கும். இதை யாரும் எழுதுவதே இல்லை, ஆனால் இதைவிடப் பயனுள்ள பக்கம் நோட்டில் வேறு கிடையாது. ஏனென்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் குழம்பிப் போய்க் கிடக்கும் 80 வயதுக்காரரைப் பார்த்ததும், இவர் எப்போதுமே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்வது சுலபம். முந்தாநாள் வரை இவர் தானே போய்ப் பால் வாங்கி வந்தவர் என்று எழுதியிருந்தால் டாக்டர் வேறு மாதிரி தேடுவார்.

மூன்றாம் பக்கம் தொலைபேசி எண்கள். சுகாதாரத் தன்னார்வலர், செவிலியர், டாக்டர், மருந்துக் கடை, தபால்காரர், வி.ஏ.ஓ., ஆட்டோக்காரர். மீதிப் பக்கங்களில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் நான்கு வரி போதும்: யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், என்ன மருந்து மாறியது, அடுத்த தேதி. அடுத்த தேதி இல்லாமல் எந்தப் பக்கமும் முடியக்கூடாது. தேதி இல்லை என்றால், "இனி வர வேண்டாம் என்கிறாரா?" என்று திரும்பக் கேட்டு எழுதுங்கள்.

மருந்துப் பை

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பாயில் கொட்டுங்கள். ஃபிரிட்ஜ் மேல் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது, கண் சொட்டு மருந்து, தைலம், நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மெடிக்கல் ஸ்டோரில் மூட்டுவலி என்று சொல்லி வாங்கியது, ஒன்று விடாமல்.

நம் ஊரில் இரண்டு சங்கடங்கள் உண்டு. கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள், பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போய்விடும். அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியது காகிதக் கவரில் கலந்து கிடக்கும். அதனால் முழு அட்டையாக இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பாயில் பரப்பியதும் முதலில் தேட வேண்டியது இரட்டை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினும், தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த கிளைகோமெட்டும் ஒன்றுதான். பெயர் வேறு, மருந்து ஒன்று. ஆச்சி இரண்டையும் பக்தியோடு விழுங்கிக்கொண்டிருப்பார். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைப் பாருங்கள், அல்லது மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

அடுத்தது, ஒரு மருந்தின் பக்க விளைவுக்கு இன்னொரு மருந்து ஏறியிருக்கிறதா என்பது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். வீக்கத்தோடு வேறொரு டாக்டரிடம் போனால் நீர் பிரிய மாத்திரை தருவார். அதைச் சாப்பிட்டதும் ராத்திரி நாலு தடவை எழ வேண்டும். கொல்லைப்புறக் கக்கூஸுக்கு இருட்டில் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும். யாரும் தப்பு செய்யவில்லை. முதல் மருந்தும் கால் வீக்கமும் ஒரே தாளில் இல்லை, அவ்வளவுதான். நீர் மாத்திரையால் சோடியமும் குறையலாம். "சோடியம் குறைஞ்சிருச்சு, ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க" என்ற பேச்சு இன்று எந்தத் தெருவில் இல்லை? சர்க்கரைக்கான கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், உளறல். ஒரு வேளை சாப்பிடவில்லையென்றால் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பை முழுவதையும் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு டாக்டர் முன்னால் கொட்டுங்கள், "இதில் எது எதற்கு, எது இனி வேண்டாம்?" என்று கேளுங்கள். நாலு ஸ்பெஷலிஸ்ட் பார்க்கிறவரை ஒரு தடவையாவது முதியோர் மருத்துவரிடம் காட்டுவது நல்லது, அவர்தான் ஆளை முழுசாகப் பார்ப்பார். இந்தத் துறை இந்தியாவுக்குப் புதியது என்பார்கள், ஆனால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளி பிரிவு தொடங்கிவிட்டார். மத்திய அரசின் முதியோர் நலத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளுக்கு 10 படுக்கை கொண்ட தனி வார்டு உண்டு. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. போகும் இடத்தில் முதியோர் பிரிவு எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வரிசை நீளமாக இருந்தால், மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. மெதுவாக, சிரித்த முகத்தோடு கேளுங்கள். வழி விடுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள்

நூல் அறுந்து போவது பெரும்பாலும் இந்த நாளில்தான். ஆஸ்பத்திரியில் எல்லாம் நடக்கும், வீட்டிலும் எப்படியோ நடக்கும், நடுவே அந்த ஒரு சாயங்காலத்தில் பாதி விஷயம் தவறிப்போகும். பில், ஆட்டோ, பாத்திரம், போர்வை என்று எல்லாரும் பறந்துகொண்டிருக்கும்போது டிஸ்சார்ஜ் தாளை யார் படிப்பது?

அதனால் முதல் நாளே தொடங்குங்கள். நாளை அனுப்பப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் வார்டு செவிலியரிடம் நோட்டோடு போய் நில்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்ட மருந்துகளில் எது தொடர்கிறது, எது நின்றுவிட்டது? இந்த ஒரு கேள்வி பாதி ஆபத்தைத் தடுக்கும். மூத்திரக் குழாயோ மூக்கு வழி உணவுக் குழாயோ இருந்தால் போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, எங்கே மாற்றுவது. குழாய் வழியாக உணவு கொடுப்பதை அவர் சொல்லக் கேட்டால் போதாது, அவர் முன்னால் நீங்களே ஒரு தடவை செய்து காட்டுங்கள். தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் சாய்ந்தே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதப் பயிற்சி ரொம்ப முக்கியம், "கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அதைத் தள்ளிப்போட்டால் நஷ்டம்.

படுக்கையில் இருக்கப் போகிறவர் என்றால் ஏர் பெட், கமோடு நாற்காலி, வாக்கர் எல்லாம் அவர் வீட்டுக்கு வருமுன்னால் வந்திருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும். ஏர் பெட் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள், முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். புண் வந்த பிறகு ஆற்றுவது மாதக் கணக்கு வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் அனுப்புகிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை களப் பணியாளர் யாரும் வரமாட்டார்கள், சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. திங்கள் வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. முடியாது என்றால் இரண்டு நாள் மருந்து கையில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வருமுன் செய்ய வேண்டிய இன்னொரு போன், உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் வட்டார அளவில் நோய்த் தணிப்பு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வண்டியில் வருவார்கள். கேட்காமல் வரமாட்டார்கள், ஏனென்றால் உங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெயரைப் பதியச் சொல்லுங்கள், எந்தக் கிழமை உங்கள் ஊர் முறை என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள், முதல் வாரத்துக்குள் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். தன்னார்வலர்கள் பெரும்பாலும் மகளிர் குழுப் பெண்கள், உங்கள் தெருக்காரர்கள். வரும்போது ஒரு வாய் காபி கொடுங்கள். இதையும் வேலைக் குறிப்பாகவே சொல்கிறேன்.

பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். நெஞ்சு வலி வந்த அன்று ஓடாதீர்கள், இந்த வாரமே போய்விட்டு வந்துவிடுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் வய வந்தனா அட்டையைக் கொண்டுவந்தது. எந்த அட்டையானாலும் அந்த ஆஸ்பத்திரி அந்த நோய்க்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்க்குமுன் கேளுங்கள்.

ஓ.ஏ.பி. என்று நாம் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பீடி சுற்றி ஓய்ந்த அம்மாக்கள் எங்கள் பக்கம் அதிகம், அவர்களில் பலருக்கு பி.எஃப். ஓய்வூதியம் உண்டு. அதற்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்று. பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள், முகத்தைக் காட்டிப் பதியும் வழியும் இருக்கிறது. தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வங்கிச் சேவையை வீட்டு வாசலில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லிவிட்டது, கிளை மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். ரேஷன் பொருளை முதியவர்கள் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, உங்கள் கார்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையிலேயே விசாரிக்கலாம்.

பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்லும் நடுக்குவாதம் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. வயசானால் கை நடுங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகள் பார்க்கவே இல்லையென்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும், வக்கீல் தேவையில்லை. பிள்ளை இல்லாதவருக்குச் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினருக்கும் பொறுப்பு உண்டு. வீட்டை எழுதிக் கொடுக்கப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், பின்னால் அதே 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கேட்பதற்கு அதுதான் பிடிமானம். எங்கே போவது என்றே புரியாவிட்டால் 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

வாய் கோணுவது, ஒரு பக்கம் கை தூக்க முடியாதது, நெஞ்சு வலி எல்லாருக்கும் தெரியும். தெரியாதது திடீர்க் குழப்பம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று இல்லாத ஆளோடு பேசுகிறார், பகலில் தூங்கி ராத்திரி அலைகிறார் என்றால் "வயசாச்சு, புத்தி மாறுது" என்று சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்கு மூத்திரத்தில் கிருமி, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், புது மாத்திரை, மலச்சிக்கல் என்று சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். பெரியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமித் தொற்று வரும். அன்றைக்கே காட்டுங்கள், நோட்டின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக் காட்டுங்கள்.

நோட்டு, மருந்துப் பை, ஆதார், காப்பீட்டு அட்டை, கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் ஒரே துணிப்பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

108க்குப் போன் செய்கிறவர் எப்போதும் வீட்டு ஆளாக இருக்கமாட்டார். சமையலுக்கு வரும் பெண்ணாக இருக்கலாம், ராத்திரி துணைக்கு வைத்த வெளியூர் ஆளாக இருக்கலாம், அவருக்குக் கதவு எண் தெரியாது. நோட்டின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் வழியை எழுதி ஒட்டுங்கள்: எந்த மெயின் ரோடு, எந்தக் கோயில் முக்கு, டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கம், தெருவுக்குள் வண்டி வருமா அல்லது முக்கில் நின்று ஸ்ட்ரெச்சர் வர வேண்டுமா.